பழைய அம்பாசடரில் படகு எஞ்சின் ஏற்றுவது எப்படி: காகிதம் முதல் கடைசி போல்ட் வரை

நான் மார்த்தாண்டத்தில் இருக்கிறேன். பாறசாலையில் ஒரு வீட்டுக் கொட்டகையில் கிடந்த 1986 மாடல் மார்க் 4 டீசல் அம்பாசடரை வாங்கினேன். பிளாக் (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடல்) வெடித்துப்போன வண்டி. அதில் கொல்லம் பக்கம் உப்பங்கழியில் ஓடிய ஒரு படகின் எஞ்சினை ஏற்றி, ஆர்.சி.யில் புது எஞ்சின் எண் ஏறும்வரை ஏழு மாதம் ஆனது. பட்டறை வேலை அதில் ஐந்து வாரம்தான். மீதிக் காலத்தில் கணிசமான பகுதி, தவறான எஞ்சின் ஒன்றை வாங்கியதிலும், காகிதங்களைத் தலைகீழ் வரிசையில் நீட்டியதிலும் போயிற்று. உங்களுக்கு அந்த மாதங்கள் மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். குமரி மாவட்டத்திலும் எல்லைக்கு அந்தப் பக்கமும் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஆனால் சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

1. எந்த எஞ்சின் என்பதை ஆர்.சி. முடிவு செய்யட்டும்

துறைமுகத்தில் கிடைக்கிற எஞ்சினைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். முதலில் உங்கள் ஆர்.சி.யை எடுத்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எரிபொருள், கனஅளவு (சி.சி.), எஞ்சின் எண். தேடப்போகிற எஞ்சின் முதல் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். மூன்றாவது மட்டும்தான் மாறலாம்.

காரணம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று அது சொல்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே உறுதி செய்தது. மீறினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காசைவிடப் பெரிய கவலை இன்சூரன்ஸ். ஆர்.சி.யில் ஒரு எஞ்சினும் வண்டியில் வேறு எஞ்சினும் இருக்கும்போது ஒரு விபத்து நடந்தால், நஷ்ட ஈட்டுப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் படகு எஞ்சினை எப்படி ஏற்றுவது? வழி இருக்கிறது. படகு எஞ்சின் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, சாலை வண்டிக்கென்று செய்த எஞ்சினைத் தண்ணீருக்கு ஏற்றபடி மாற்றியது. டீசல் அம்பாசடரில் இருந்த 1489 சி.சி. எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வடிவமைப்பு. அதே எஞ்சின் அங்கே கால்வாய்ப் படகுகளில் இன்றும் ஓடுகிறது. நம் பக்கத்திலும் சிறு படகில் அம்பாசடர் டீசல் எஞ்சினை உட்கார வைத்தவர்கள் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால், பிளாக்கும் ஹெட்டும் கிராங்கும், அதாவது எஞ்சினின் முக்கியப் பாகங்கள், உங்கள் வண்டியுடையதேதான். வெளியே தொங்குகிற சாமான்கள் மட்டும் வேறு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கண்ணிலும் அது அதே வகை எஞ்சின், அதே எரிபொருள், அதே சி.சி. மனு ‘எஞ்சின் எண் மாற்றம்’ என்ற அளவில் நின்றுவிடும்.

நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்டது இல்லை. ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் இரண்டு சிலிண்டர் படகு எஞ்சின் ஒன்று 34,000 ரூபாய்க்குக் கிடைத்தது. நல்ல ஓட்டத்தில் இருந்தது, விலையும் மலிவு. வாங்கி வந்து கொட்டகையில் இறக்கிய பிறகுதான் விசாரிக்கப் போனேன். சிலிண்டர் எண்ணிக்கை வேறு, கனஅளவு வேறு, சாலை வண்டிக்கென்று ஒப்புதல் பெறாத எஞ்சின். பதிவேட்டில் ஏற்ற வழியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டரை மாதம் கழித்து 20,000 ரூபாய்க்குத்தான் அது விலைபோனது.

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் அம்பாசடரில் டீசல் படகு எஞ்சினை ஏற்றினால் எரிபொருளே மாறிவிடும். அது தனிச் சட்டச் சிக்கல். முதல் முயற்சிக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வண்டி 50 வயதைத் தாண்டியது என்றால் இன்னும் ஒரு கேள்வி உண்டு. 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகளில், சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் இடம். அந்தப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். என்றாவது அந்த எண் பலகை வேண்டும் என்ற ஆசை இருந்தால் எஞ்சினில் கை வைக்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

2. கேரளப் பதிவு வண்டியா? பதிவை முதலில் இங்கே கொண்டுவாருங்கள்

எல்லையோரத்தில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். வண்டி பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ மலிவாகக் கிடைக்கும். ஓட்டப்போவது எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம். இதில் வரிசை தவறினால் முடிச்சு விழும்.

நான் போட்ட முடிச்சைச் சொல்கிறேன். கேரள அலுவலகத்தில் என்.ஓ.சி. (ஆட்சேபனையில்லாச் சான்று) வாங்கினேன். அதில் பழைய எஞ்சின் எண்தான் இருக்கும், இல்லையா? இங்கே பதிவு மாற்றும் முன்பே எஞ்சினை மாற்றிவிடலாம், எல்லாவற்றையும் ஒரே தடவையில் காட்டிவிடலாம் என்று பழைய எஞ்சினைக் கழற்றத் தொடங்கினேன். மனுவைப் பார்த்த எழுத்தர் மேசையிலேயே நிறுத்திவிட்டார். என்.ஓ.சி.யில் உள்ள எண் வண்டியில் இருந்தால்தான் பார்ப்போம் என்றார். கழற்றிய எஞ்சினைத் திரும்பத் தூக்கி வைத்து, ரெக்கவரி வண்டியில் ஏற்றி ஆய்வுக்குக் கொண்டுபோனேன். ஏற்று இறக்குக் கூலியும் ரெக்கவரி வாடகையுமாக 6,500 ரூபாய் போயிற்று.

ஆகவே வரிசை இதுதான். செத்த எஞ்சினோடு, இருக்கிறபடியே வண்டியைப் பதிவு மாற்றுங்கள். கேரளப் பக்கம் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. வாங்க வேண்டும். அதற்கு வரிப் பாக்கி இருக்கக் கூடாது. இ-சலான் நிலுவையும் இருக்கக் கூடாது. விற்பவரிடம் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் புது எண் கேட்கப் படிவம் 27. மேற்கு தாலுகாக்காரர்களுக்கு மார்த்தாண்டம், டி.என். 75, நாகர்கோவில் பக்கத்தவர்களுக்கு டி.என். 74. வேறு மாநிலத்தவருக்கு வண்டியை விற்றவர் 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள் என்பது சட்டம். சாலை வரி எவ்வளவு என்று அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிய பிறகு வண்டி விலையைப் பேசுங்கள்.

இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒன்று, கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகம். அந்த வண்டி கணினியில் இருக்காது. முதலில் பதிவு செய்த அலுவலகம் பழைய ரிஜிஸ்டரைத் தேடி ‘வாகன்’ என்ற அரசின் வண்டிப் பதிவுத் தளத்தில் ஏற்ற வேண்டும். ‘பேக்லாக் என்ட்ரி’ என்று கேளுங்கள், புரிந்துகொள்வார்கள். எனக்கு இதற்கு மட்டும் 26 நாள் ஆனது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ‘பரிவாகன்’ என்ற அரசின் போக்குவரத்து இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டால் இது தெரிந்துவிடும்.

இரண்டாவது, காலாவதியான ஆர்.சி. தனியார் காருக்கு 15 வருடம் முடிந்ததும் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வண்டி ஓட்டத்தில் இருக்க வேண்டும். ஓட எஞ்சின் வேண்டும். எஞ்சின் மாற்ற உயிருள்ள ஆர்.சி. வேண்டும். இப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். எஞ்சினும் செத்து ஆர்.சி.யும் செத்த வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். என் வண்டிக்கு ஆர்.சி. இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அது என் அதிர்ஷ்டம். பார்த்து வாங்கினேன் என்று சொல்ல முடியாது. புதுப்பிக்கிற கட்டணமும் சின்னது இல்லை. 2022 ஏப்ரலில் 15 வருடம் தாண்டிய காருக்கு 5,000 ரூபாய் ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டியவற்றுக்கு அதை 10,000 ஆக்கினார்கள். தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். பசுமை வரி தனி.

3. படகு எஞ்சினுக்கும் ஆவணம் கேளுங்கள்

வண்டி எஞ்சின் வாங்கும்போது பில் கேட்கிற நாம், படகு எஞ்சின் என்றதும் ரொக்கத்தைக் கொடுத்துத் தூக்கி வந்துவிடுகிறோம். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் ஆய்வாளர் முன் நிற்க முடியாது. படகிலிருந்து திருடுபோகிற எஞ்சின்களும் சந்தையில் உண்டு.

படகுகளுக்கும் பதிவு உண்டு. மீன்பிடிப் படகு என்றால் மீன்வளத் துறையில் பதிவு. தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கேரளத்தில் 1980ஆம் ஆண்டுச் சட்டம். உப்பங்கழியிலும் ஆற்றிலும் ஓடுகிற சுற்றுலாப் படகு என்றால் உள்நாட்டுக் கலன் பதிவு. அதற்கு இப்போது 2021ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எனவே விற்பவரிடம் இந்த நான்கையும் கேளுங்கள்:

படகின் பதிவுச் சான்று நகல். இந்த எண்ணுள்ள எஞ்சினைப் படகிலிருந்து இறக்கி விற்றுவிட்டேன் என்று உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம். விலை, தேதி, எஞ்சின் எண் போட்ட ரசீது. அவருடைய அடையாள அட்டை நகல்.

எனக்கு விற்ற சேட்டன் நல்ல மனிதர். “கடிதம் எதற்கு, நான் சொன்னால் போதாதா?” என்று முதலில் வருத்தப்பட்டார். அலுவலகத்தில் கேட்பார்கள் என்று விளக்கியதும், மலையாளத்தில் எழுதிக் கீழே தமிழிலும் எழுதிக் கொடுத்தார். எஞ்சினை வேனில் ஏற்றிக்கொண்டு களியக்காவிளையைக் கடக்கும்போது அந்தக் காகிதங்கள் டிரைவர் கையில் இருக்கட்டும்.

எஞ்சின் எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. படகுக்காக மாற்றியவர்கள் தங்கள் தகட்டை மேலே ரிவிட் அடித்திருப்பார்கள். அதில் இருப்பது அவர்கள் போட்ட வரிசை எண். உங்களுக்கு வேண்டியது எஞ்சினைச் செய்தவர் போட்ட எண். எண்ணெய்ப் பிசுக்கையும் பெயின்டையும் டீசல் தோய்த்த துணியால் துடைத்து அதைக் கண்டுபிடியுங்கள். கிரைண்டர் வைக்கவே வைக்காதீர்கள், எண்ணின் மேல் கீறல் பட்டாலே சந்தேகம் வரும். அங்கேயே எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து, ரசீதில் உள்ள எண்ணோடு ஒத்துப்பார்த்த பிறகே பணம்.

4. உப்பு எங்கே தின்றிருக்கிறது என்று பாருங்கள்

காசு கொட்டுகிற இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

படகு எஞ்சின் இரண்டு விதமாகக் குளிரும். ஒன்று, வெளித் தண்ணீரையே நேராக பிளாக்கின் உள்ளே விட்டு எடுப்பது. மற்றொன்று, உள்ளே நல்ல தண்ணீர் சுற்ற, அதை வெளித் தண்ணீர் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சரில் குளிர்விப்பது. முதல் வகையாக இருந்து, கடலிலோ, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்திலோ ஓடியிருந்தால் பிளாக்கின் தண்ணீர் வழிகள் முழுக்க உப்பும் துருவும்தான். அதை வாங்காமல் வந்துவிடுங்கள். இரண்டாவது வகை என்றால் மேற்கொண்டு பாருங்கள்.

பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கிற வெல்ச் பிளக் (தண்ணீர் வழியை மூடுகிற தகட்டு அடைப்பு) ஒன்றைத் தட்டி எடுக்கச் சொல்லுங்கள். விற்பவர் சம்மதிக்காவிட்டால் அதுவே பதில். உள்ளே விரலை விட்டால் மெல்லிய துருப்பொடி வரலாம், பரவாயில்லை. பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தால் வேண்டாம். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஜிங்க் கட்டை ஒன்று திருகியிருக்கும். உப்பு, நல்ல உலோகத்தைத் தின்னாமல் அதைத் தின்னட்டும் என்று வைப்பது. அது முழுக்கக் கரைந்து வெறும் திருகாணி மட்டும் இருந்தால், மாற்றாமலே நெடுநாள் ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

அடுத்தது எக்ஸாஸ்ட். படகில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சுற்றித் தண்ணீர் ஓடும், புகைக்குழாயிலும் தண்ணீரைக் கலந்து வெளியேற்றுவார்கள். மேனிஃபோல்டில் ஓட்டை விழுந்தாலோ, குழாய் வழியே தண்ணீர் திரும்பி வந்தாலோ அது நேராக சிலிண்டருக்குள் போகும். அதனால் செல்ஃப் அடித்துக் காட்டுகிறேன் என்று விற்பவர் சொன்னால் நிறுத்துங்கள். நான்கு இன்ஜெக்டரையும் கழற்றிவிட்டு முதலில் கையால் சுற்றச் சொல்லுங்கள். உள்ளே தண்ணீர் நின்றால் துவாரம் வழியாக வெளியே வந்துவிடும். இன்ஜெக்டரோடு செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரை அழுத்த முடியாதே.

சம்ப்பில் (எஞ்சினின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டி) உள்ள ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதையும் பாருங்கள். இரட்டை எஞ்சின் படகுகளில் ஒன்று எதிர்ப்பக்கம் சுற்றுகிற வகையாக இருக்கக்கூடும், அது காருக்கு ஆகாது.

வாங்கிய பிறகு ஹெட்டையும் பிளாக்கையும் மெஷின் ஷாப்பில் கொடுத்து பிரஷர் டெஸ்ட் செய்துவிடுங்கள். இந்த 1489 டீசலுக்குக் கம்ப்ரஷன் விகிதம் 23க்கு 1. முடி அளவு விரிசல் இருந்தாலும் அந்த அழுத்தத்தில் விரிந்துவிடும். மெக்கானிக் அண்ணாச்சி, “டெஸ்ட் போடாம ரிங்கு வாங்காத மக்ளே” என்று சொன்னதைக் கேட்டதால்தான் என் பாகச் செலவு தப்பியது. ஹெட்டில் ஒரு விரிசல் இருந்தது. என் பழைய எஞ்சினின் ஹெட் நன்றாக இருந்ததால் அதைப் போட்டோம்.

5. அனுமதி மனு

எஞ்சின் தேறிவிட்டது என்று தெரிந்ததும் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். வேலை முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மனுவில் மூன்று வரி போதும்: பழைய எஞ்சின் பழுது, பழைய எண், அதே வகை, அதே எரிபொருள், அதே கனஅளவு எஞ்சின், புது எண், எங்கிருந்து வாங்கியது. கூடவே ஆர்.சி., இன்சூரன்ஸ், மூன்றாம் படியில் சொன்ன நான்கு ஆவணங்கள், பழைய எஞ்சின் இனி உதவாது என்று மெஷின் ஷாப் கொடுத்த கடிதம். வண்டிமேல் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும்.

‘மரைன் எஞ்சின்’ என்ற சொல்லை மட்டும் மனுவில் தனியாக விட்டுவிடாதீர்கள். அப்படிப் பார்த்தால் வேறு வகை எஞ்சின் என்று முதல் பார்வையிலேயே ஒதுக்கிவிடுவார்கள். ‘படகில் பயன்படுத்தப்பட்ட, அம்பாசடர் டீசல் வகை 1489 சி.சி. எஞ்சின்’ என்று முழுதாக எழுதுங்கள். உண்மையும் அதுதான். நான் கடிதம் கையில் வரும்வரை 19 நாள் காத்திருந்தேன். அந்த நாட்களில் லேத் வேலையை முடித்துக்கொண்டோம்.

6. பட்டறையில்: செத்த எஞ்சினை எடைக்குப் போடாதீர்கள்

உங்கள் பழைய எஞ்சின்தான் பாகக் கடை. படகு எஞ்சினில் கார் சம்பந்தப்பட்ட பாதிச் சாமான்கள் இருக்காது. அவை எல்லாம் அந்தச் செத்த எஞ்சினில் தொங்கிக்கொண்டிருக்கும். என்னிடம் ஒரு பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் நல்ல விலை கேட்டார். அண்ணாச்சி தடுத்திராவிட்டால் கொடுத்திருப்பேன்.

பழைய எஞ்சினிலிருந்து எடுக்க வேண்டியவை இவை. பின்பக்க பிளேட், ஃபிளைவீல், கிளட்ச். படகில் கிளட்ச் கிடையாது. ஃபிளைவீலில் ஒரு டேம்பர் பிளேட்டை (அதிர்வு தாங்கும் தட்டு) முடுக்கி, முன்-பின் மட்டும் போகிற மரைன் கியர்பாக்ஸோடு சேர்த்திருப்பார்கள். அதன் ஃபிளைவீல் முகத்தில் கிளட்ச் பிளேட் உட்காரக் கடைந்த இடமே இருக்காது. அடுத்தது சம்ப்பும் ஆயில் உறிஞ்சு குழாயும். படகில் எஞ்சின் சரிவாக உட்காரும், சம்ப்பின் வடிவம் அதற்கேற்ப இருக்கும். ஆயில் கேஜ் குச்சியின் கோடும் அந்தச் சரிவுக்குப் போட்டது. சம்ப்பை மாற்றிவிட்டுக் குச்சியை மாற்ற மறந்தால் ஆயில் அளவு என்றைக்கும் தப்பாகவே காட்டும். அப்புறம் சாதாரண எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், ஃபேன் மாட்டுகிற வாட்டர் பம்ப், முன் புல்லி, எஞ்சின் மவுண்டிங் பிராக்கெட்டுகள்.

எல்லோரும் மறக்கிற ஒரு சின்னச் சாமான் உண்டு. கிராங்கின் பின்முனைக் குழியில் ஒரு பித்தளை புஷ் இருக்கும். கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனி அதில்தான் தாங்கும். படகு எஞ்சினில் அது தேவைப்படாததால் போட்டிருக்க மாட்டார்கள். அதைப் போடாமல் கியர்பாக்ஸை மாட்டினால் கிளட்ச் விடாது, கியர் விழும்போதெல்லாம் கரகரக்கும். மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டியதுதான். பத்து நிமிட லேத் வேலைக்காக இரண்டு நாள் போகும்.

படகு எஞ்சினிலிருந்து கழற்றிப் போட வேண்டியவை: வெளித் தண்ணீர் பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர், தண்ணீர்ச் சட்டை போட்ட மேனிஃபோல்ட், மரைன் கியர்பாக்ஸ். இவற்றைத் தூக்கி எறியாதீர்கள். துறைமுகத்தில் இவற்றுக்கு ஆள் உண்டு. எனக்குக் கியர்பாக்ஸ் மட்டும் 11,000 ரூபாய்க்குப் போனது.

தெர்மோஸ்டாட்டை அவசியம் மாற்றுங்கள். படகில் கொஞ்சம் குளிர்ச்சியாகவே ஓட விடுகிற வழக்கம் உண்டு. அதே தெர்மோஸ்டாட்டைக் காரில் வைத்தால் எஞ்சின் சூடேறாமலே ஓடி, புகையும் டீசலும் கூடும். ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் ஊற்றுங்கள்.

ஏர் ஃபில்டரில் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். தண்ணீர்மேல் தூசி இல்லை, அதனால் படகில் சத்தம் அடக்குகிற ஒரு பெட்டியோ கம்பி வலையோதான் இருக்கும். நம் சாலையில் அதை வைத்து ஓட்டினால் போட்ட ரிங்கெல்லாம் மணலில் தேய்ந்துவிடும்.

டீசல் பம்ப்பை அப்படியே வைக்க முடியாது. படகு ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடும், அதற்கேற்ப பம்ப்பில் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரைக் கட்டியிருப்பார்கள். காரில் வைத்தால் மூன்றாம் கியரிலேயே மூச்சுப் பிடித்தது போல் நின்றுவிடும். பம்ப்பையும் நான்கு இன்ஜெக்டர்களையும் டீசல் பம்ப் கடையில் கொடுத்து, கார் அளவுக்கு டெஸ்ட் பெஞ்சில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். ஐந்து நாள் ஆகும். வேகத்தைக் கூட்டி வைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். நல்ல நிலையிலும் இது நாற்பது குதிரைத்திறனைத் தாண்டாத எஞ்சின், அதன் குணத்தோடு ஓட்டினால் நெடுநாள் உழைக்கும்.

மின்சாரத்தில் ஒன்று கவனியுங்கள். சில படகு ஆல்டர்னேட்டரும் செல்ஃப் மோட்டாரும் பாடியில் எர்த் ஆகாமல், தனி ஒயரில் திரும்புகிற வகை. கார் பாடியில் எர்த் ஆகிற வகை. உங்கள் வண்டியின் பழைய செல்ஃபும் ஆல்டர்னேட்டரும் நன்றாக இருந்தால் அவற்றையே போடுவது எளிது. ஹீட்டர் பிளக் நான்கையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

எடையும் மவுண்டிங்கும் அதேதான் என்பதால் முன் டார்ஷன் பாரில் (முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பி) கை வைக்கத் தேவையில்லை.

7. முதல் ஸ்டார்ட்

இன்ஜெக்டர் போடும் முன் செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு, இன்ஜெக்டரைப் போட்டு, டீசல் லைனில் ஏர் எடுத்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு தட்டையான தகடோ கனமான பலகையோ வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கட்டும். பம்ப்பில் கோளாறு இருந்து எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஏறினால், சாவியை அணைத்தாலும் டீசல் எஞ்சின் நிற்காது. காற்று போகிற வாயைத் தகட்டால் மூடினால்தான் நிற்கும். கையால் மூடாதீர்கள்.

8. ஆய்வு, புகை, இன்சூரன்ஸ்

எஞ்சின் மாற்றிய நாளிலிருந்து 14 நாளுக்குள் அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வேலை முடிந்த தேதியைப் பட்டறை ரசீதில் போட்டு வாங்குங்கள். பரிவாகன் தளத்தில் வாகன மாற்றம் என்ற சேவையில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் சொல்கிற மோட்டார் வாகன ஆய்வாளரிடம் வண்டியைக் காட்ட வேண்டும். எஞ்சின் எண் இருக்கிற இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, டார்ச்சும் கையில் வைத்திருங்கள். என்னிடம் பழைய எஞ்சின் எங்கே என்று ஆய்வாளர் கேட்டார். பழைய பிளாக்கின் எண் தெரிகிற படம் போனில் இருந்தது, காட்டினேன்.

அதற்கு முன் புகைச் சான்று. பழைய டீசல் வண்டிக்கு 65 எச்.எஸ்.யு. (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) வரை அனுமதி. பம்ப் ஒழுங்காகக் கட்டியிருந்தால் அதற்குள் வரும். எஞ்சினைச் சூடேற்றி, பத்துக் கிலோமீட்டராவது ஓட்டிய கையோடு கொண்டுபோங்கள். சான்று ஆறு மாதம் செல்லும்.

ஆர்.சி.யில் புது எண் ஏறிய அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, பாலிசியிலும் அந்த எண்ணை ஏற்றச் சொல்லுங்கள். 1000 முதல் 1500 சி.சி. வரையான காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 3,416 ரூபாய், வரி தனி. 1500ஐத் தாண்டினால் 7,897. கனஅளவு மாறாத எஞ்சின் வாங்கியதில் இதுவும் ஒரு லாபம்.

9. என் கணக்கு

எஞ்சின் 38,000. போர், கிராங்க், பிஸ்டன், பேரிங் என்று ஓவர்ஹால் 52,000. பம்ப்பும் இன்ஜெக்டரும் 15,500. கிளட்ச் செட், ஃபிளைவீல் கடைசல், புஷ் 18,000. ரேடியேட்டர் வேலை 9,000. சைலென்சர் 5,000. ஒயரிங் 7,500. பட்டறைக் கூலி 28,000. கொல்லத்திலிருந்து ஏற்றி வந்தது 4,000. ஆக 1,77,000. மரைன் கியர்பாக்ஸ் விற்ற 11,000 திரும்பி வந்தது. முதல் தவறான எஞ்சினில் போன 14,000, பதிவு மாற்றத்தில் நான் போட்ட முடிச்சுக்கான 6,500 இரண்டும் உங்களுக்கு வரக் கூடாதவை. வரியும் அரசுக் கட்டணங்களும் இதில் சேரவில்லை, அவை வண்டியின் வயதைப் பொறுத்து மாறும்.

நாள் கணக்கில், எல்லாம் ஒழுங்காகப் போனால் பதிவு மாற்றத்துக்கு இரண்டு மாதம், எஞ்சின் தேட ஒரு மாதம், அனுமதியும் லேத்தும் சேர்ந்து மூன்று வாரம், பட்டறை ஐந்து வாரம், ஆய்வும் ஆர்.சி.யும் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் தொடங்குகிற இடவப்பாதி மழையில் பட்டறை வேலை வைக்காதீர்கள். திறந்த எஞ்சினும் குமரி மழையும் சேராது. நான் தை மாதம் தொடங்கியதில் மழைக்கு முன்பே எஞ்சின் உள்ளே உட்கார்ந்துவிட்டது.

10. முதல் ஆயிரம் கிலோமீட்டர்

முதல் 500 கிலோமீட்டர் 50க்கு மேல் விரட்ட வேண்டாம். மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் ஒரு மாலை நேரம் மெதுவாக நகர்த்திப் பார்த்தால் ரேடியேட்டர் தாங்குகிறதா என்று தெரிந்துவிடும். 500இல் ஆயில் மாற்றி, ஹெட் போல்ட்டுகளை வரிசைப்படி மறுபடி முடுக்கச் சொல்லுங்கள். வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள்: மினுக்குகிற துகளோ பால் நிறமோ இல்லை என்றால் அடுத்த மாற்றம் 1,000இல்.

டேஷ்போர்டு பெட்டியில் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றோடு அனுமதிக் கடிதத்தின் நகலையும், சேட்டன் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலையும் வைத்திருக்கிறேன். பானெட்டைத் திறக்கச் சொன்னால் எஞ்சினில் பழைய நீல மரைன் பெயின்ட் இன்னும் தெரியும். கேள்வி வந்தால் அந்த இரண்டு காகிதத்தை எடுத்துக் கொடுக்கிறேன்.